சுவரோரத்து விரலகலம்

14.9.1997, ஞாயிறு

காட்டுத்தீயின் புகைமூட்டம் இன்றும் விலகவில்லை. நண்பகலிலும் கதிரவனைக் கண்கூசாமல் பார்க்க முடிகிறது. தொண்டை கரகரக்கிறது. மேடைப் பேச்சாளனுக்கு இதைவிடப் பெருந்தண்டனை இல்லை.

காலையில் சுங்கை ஊடாங்கில் தன் வீட்டிலிருந்து எழிலி தொலைபேசியில் அழைத்தாள். இந்த ஈராண்டில் என் மகள் என்னோடு பேசுவது தன் தாயைப் பற்றி மட்டுமே. அங்கே தங்கியிருக்கும் என் மனைவி இருசம்மா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தாளாம். இடுப்பெலும்பு ஒழுங்காகக் கூடி வருகிறதாம்.

"அம்மா அங்க வரணும்னா அந்த டைல்ஸ் தரைய மாத்தணும்பா. டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்கவே மாட்டாங்க."

அந்தத் தரையை ஏன் கழுவினாள்? சென்ற திங்களில், என்னைப் பார்க்க வரும் தமிழ்க் கழகத்தாருக்காக. அவர்கள் வந்து அமர்ந்த இருக்கைகளுக்கும் அவள் விழுந்த இடத்துக்கும் மூன்றடிதான் இடைவெளி.

பிறகு இருசம்மாவே பேசியைக் கையில் வாங்கினாள். "அந்தப் பலகத் தரைய நம்ம மருமவன் போடட்டும். வேற யாராச்சும் போட்டா நான் அந்த வீட்டுக்கு வரல."

நம்ம மருமவன்! ரெஜினால்ட். மலாக்கா நகரில் அம்புரோசின் கடையில் தளம் பதிக்கும் வேலை. கிறித்தவன் என்பதற்காக நான் அவனை மறுக்கவில்லை. மறுத்தேன் என்போர் பொய்யர். ஈராண்டுக்கு முன் அவர்களின் மணவிழா அழைப்பிதழில் தமிழ் ஓர் எழுத்தும் இல்லை. ஆகவே போகவில்லை. போகாதது மட்டுமா? அலோர் காஜா பொங்கல் விழாவில் அந்த அழைப்பிதழை உயர்த்திக் காட்டி ஏழு மணித்துளி பேசினேன். அவையே சிரித்தது.

அந்த உரையை இன்றும் சிலர் பாராட்டுகிறார்கள்.

20.9.1997, சனி

வந்தான். செருப்பை வாசலுக்கு வெளியே இணையாக வைத்தான். என்னை "ஐயா" என்றான். மேடைத் தொண்டர்கள் என்னை அழைப்பது போலவே. உறவு அதில் இல்லை.

நெடிய இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையில் கிடத்தி, முழந்தாளிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து அதன் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தான். இருசம்மா விழுந்த இடத்தில் தரை சற்றே பள்ளம். ஞெகிழித்தாள் ஒன்றை (அவன் மொழியில் பிளாஸ்டிக்) நாற்புறமும் ஒட்டிவிட்டு, "நாளைக்கு இதுக்கு அடியில வேர்த்திருந்தா சொல்லுங்க ஐயா, ஈரம் இருக்குன்னு அர்த்தம்" என்றான்.

பலகையை எதில் அறைவாய், ஆணியா, பசையா என்று கேட்டேன்.

"எதுலயும் இல்ல ஐயா. பலகைக்குப் பலகைதான் பசை. தரையோட ஒட்டாது. சும்மா மேல கெடக்கும். மெதக்குற மாதிரி."

தரையில் ஒட்டாதது எப்படித் தளமாகும்? வேரில்லாதது எப்படி நிற்கும்? கேட்டே விட்டேன் — சற்று உரத்த குரலில், கையை உயர்த்தி. பழக்கம்.

அவன் சிரிக்கவில்லை. "நிக்கணும்னு யாரு சொன்னா? கெடந்தா போதும்லா."

2.10.1997, வியாழன்

பலகைகள் வந்திறங்கின. பதினெட்டுப் பெட்டி. பிரித்து முன்னறையில் கிடத்தி வைத்திருக்கிறோம். இரண்டு நாள் அப்படியே கிடக்க வேண்டுமாம். "வீட்டுக் காத்து அதுக்குப் பழகணும் ஐயா."

ஞெகிழித்தாளின் அடியில் அன்று வேர்வை இல்லை. இந்தப் புகையில் மழையே மறந்துபோயிற்று.

5.10.1997, ஞாயிறு

நேற்றும் இன்றும் அவனோடு நானும் மண்டியிட்டேன். ஆள் குறைவென்று அம்புரோசு வேறெவரையும் அனுப்பவில்லை. நூலுக்கு உறையிடும் தாளைக்கூட நேராக வெட்டாத கை எனது. அவன் சொன்னதைச் செய்தேன்.

முதலில் வெண்ணிற நுரைவிரிப்பு. அதன்மேல் பலகை. ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் பள்ளத்துக்குள் போய் அமரும். இடையில் பசை ஒரு கோடு. மரக்கட்டையை முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுவது என் பணி. வரிசைக்கு வரிசை இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழலாகாது. செங்கல் அடுக்குவது போல. இதில் ஓர் அழகு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

சுவரோரம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்புறமும் ஒரு விரலகலம் வெற்றிடம் விட்டிருக்கிறான். பலகைக்கும் சுவருக்கும் இடையே சிறு மரச்சில்லுகளைச் செருகி, முடிந்ததும் உருவிக்கொண்டான். ஏன் என்றேன்.

"மழ காலத்துல மரம் உப்பும் ஐயா. ஓடுறதுக்கு எடம் வேணும். எடம் குடுக்கலன்னா நடுவுல தூக்கிக்கிட்டு நிக்கும். இத மட்டும் தயவுசெஞ்சு யாரும் அடைக்கக் கூடாது."

அவ்விடைவெளியை மறைக்கும் சுவரடிப் பட்டை கடையில் இருப்பில்லை. இரண்டு கிழமையில் வருமாம். வந்தால் நானே அறைந்துகொள்கிறேன் என்றேன். சிறு ஆணி, சுவரில்தான் அறைய வேண்டும், தளத்தில் அறையலாகாது என்று காட்டிக்கொடுத்தான்.

இரண்டு நாளில் நாங்கள் பேசியது இவ்வளவே. எழிலியைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

8.10.1997, புதன்

சுவரோரத்து வெற்றிடத்திலிருந்து ஒரு பூரான் வந்தது. ஒரு சாண் நீளம். செருப்பால் அடித்தேன்.

உறக்கம் வரவில்லை. நான் வளர்ந்த தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பலகைச் சுவரின் இடுக்கு வழியே வந்த பூரான்தான் என் தங்கை காளியம்மாவைக் கடித்தது. கால் யானைக்கால் போல வீங்கி, மூன்று நாள் அனத்தினாள். அதன்பின் அப்பா எங்களை நிறுத்தி வைத்து ஓர் இடுக்கு விடாமல் அடைக்கச் செய்தார். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இடுக்கு இருந்தால் அடை. அது எங்களுக்கு மூச்சு விடுவதைப் போல.

இருசம்மா முன்னறையில்தான் படுப்பாள். எழுந்து ஓட அவளால் முடியுமா?

9.10.1997, வியாழன்

அடைத்துவிட்டேன். பைஞ்சுதை கொண்டு. (கடைக்காரன் சிமெண்டு என்றால்தான் தருகிறான்.) நாற்புறமும், கரண்டியால் இழைத்து, ஒழுங்காக. இப்போதுதான் அது ஒரு தளம் போல் இருக்கிறது. அவன் இளைஞன், எச்சரிக்கை மிகுதி. அவ்வளவு பெரிய பலகை எங்கே ஓடப்போகிறது?

18.10.1997, சனி

சுவரடிப் பட்டை வந்தது. அறைந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

2.11.1997, ஞாயிறு

மழை. இரண்டு திங்களின் புகையை ஒரே கிழமையில் கழுவிவிட்டது. வானம் நீலமாயிருப்பதே மறந்திருந்தது. இருசம்மா பதினாறாம் நாள் வருகிறாள்.

9.11.1997, ஞாயிறு

நடுவில் தளம் எழுந்திருக்கிறது.

முதலில் கால்தான் அறிந்தது. பிறகு குனிந்து பார்த்தேன். இரண்டு பலகைகள் கூடுமிடம் கூரை முகடுபோல் மேலெழுந்து, மிதித்தால் அமிழ்ந்து, காலை எடுத்தால் மீண்டும் எழுகிறது. உயிருள்ளது போல.

சென்ற திங்கள் ஐந்தாம் நாள் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. "எடம் குடுக்கலன்னா நடுவுல தூக்கிக்கிட்டு நிக்கும்."

12.11.1997, புதன்

அகரமுதலிகள், மூன்று இலக்கணக் கட்டுகள், இருபது ஆண்டு மலர்கள் — எல்லாவற்றையும் அந்த முகட்டின்மேல் அடுக்கினேன். மூன்று நாளாயிற்று. இன்று எடுத்துப் பார்த்தேன். நடுவில் அமிழ்ந்தது, பக்கத்தில் ஓரடி தள்ளி எழுந்திருக்கிறது.

பட்டையைக் கழற்றி, சுதையை உடைக்கலாம். உடைத்தால் தளம் பழுதாகுமோ? அவனை அழைத்தால் பட்டையைக் கழற்றுவான். கழற்றினால் காண்பான்.

மழை விட்டால் தானே அடங்கிவிடும்.

15.11.1997, சனி

மழை விடவில்லை. முகட்டின்மேல் பாய் விரித்தேன். நாளை வருகிறாள்.

16.11.1997, ஞாயிறு

எழுதியே தீர வேண்டும்.

எழிலி தாயின் முழங்கையைப் பிடித்திருந்தாள். ரெஜினால்ட் வண்டியிலேயே, வாயிற்கதவுக்கு அப்பால். இருசம்மா நடைச்சட்டத்தைத் தூக்கி வைத்தாள், ஓரடி, மீண்டும் தூக்கி வைத்தாள். "நல்லாருக்கே, சில்லுன்னு இல்லாம," என்றாள். சிரித்தாள். பாயை ஓரமாய் இழுத்திருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம், இந்தப் பக்கம் வா என்று. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தின் கால் பாய்க்கு அடியிலிருந்த முகட்டில் ஏறிச் சாய்ந்தது. அவள் அப்படியே முன்னால் — பிடிச்சிட்டேன். எப்படிப் பிடிச்சேன்னு தெரியல. என் நெஞ்சுமேலதான் விழுந்தா. அவ ஒடம்பு கோழிக்குஞ்சு மாதிரி ஒதறுச்சு.

எழிலி பாயை இழுத்தாள். மூவரும் அதைப் பார்த்தோம்.

"இது என்னாங்க? யாரு செஞ்ச வேல இது?" என்றாள் இருசம்மா.

என் நா முப்பதாண்டு மேடைப் பழக்கமுடையது. நான் எண்ணுமுன் அது பேசிவிடும். "வேலை சரியில்லை" என்றது. "முறையறியாதவன் செய்த வேலை" என்றது.

எழிலியின் முகத்தில் குருதி வற்றியது. தாயைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

18.11.1997, செவ்வாய்

அம்புரோசு தம் ஆட்கள் இருவரோடும் ரெஜினால்டோடும் வந்தார். எழிலிதான் சொல்லியிருக்கிறாள். அம்புரோசு என் கூட்டம் எதையும் விடாதவர். முன்வரிசையில் அமர்ந்து முதலில் கைதட்டுபவர்.

ரெஜினால்ட் முகட்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு சுவரோரம் போய்க் குந்தினான். "இந்தப் பட்டைய ஒரு எடத்துல கழட்டிப் பாக்கலாமா ஐயா?"

"என் வீட்டுச் சுவரை இனி நீ தொட வேண்டா!"

முழங்கினேன். அரங்கம் அதிரும் குரல், பத்தடி அறைக்குள். அவன் அப்படியே குந்தியபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் சினம் இல்லை. அறிந்துவிட்டான். அறிந்தும் வாய் திறக்கவில்லை.

"ஐயா வேணாங்கறாருல்ல, விடு," என்றார் அம்புரோசு. "செம்பியனார் ஐயா பொய்யா சொல்லப் போறாரு? நீ ஓரத்துல கேப் ஒழுங்கா விட்டிருக்க மாட்ட. எத்தன வாட்டி சொல்லிருக்கேன்?"

"விட்டேன் பாஸ்."

"விட்டா ஏன்டா தூக்குது?"

மற்ற இருவரில் ஒருவன் மெல்லச் சிரித்தான். ரெஜினால்ட் செருப்பை மாட்டிக்கொண்டு லோரியில் ஏறினான்.

20.11.1997, வியாழன்

எழிலி: "அப்பா, நீங்க ஏதாச்சும் செஞ்சீங்களா?" நான்: "இல்லை." பேசியை வைத்துவிட்டாள். நானும் வைத்தேன், சற்றுக் கழித்து.

23.11.1997, ஞாயிறு

அலோர் காஜாவில் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்காகக் கூட்டம். தலைப்பு நானே கொடுத்தது: 'ஊன்றி நில்'. முந்நூறு பேர். "நகராதே! நெகிழாதே! தந்த இடத்தில் வேர்விட்டுக் கல்லாய் நில்!" — கைதட்டல் ஓயவில்லை. முன்வரிசையில் அம்புரோசு.

நகராதே என்று அந்தப் பலகைக்கும் சொன்னவன் நான்தானே.

இறங்கியதும் அம்புரோசு கையைப் பற்றினார். "கவலப்படாதீங்க ஐயா. வேற ஆள வச்சுப் பிரிச்சுப் போட்டுத் தந்துடறேன். அவன இனிமே உள்வேலைக்கு அனுப்பறதில்ல. இப்ப லோரில சாமான் ஏத்தி எறக்கறான். மாசக் கடைசில எப்படியும் ரெண்டு பேர வேலைய விட்டு நிறுத்தணும், வேலையே வரமாட்டுது, காசு மதிப்பு விழுந்து நாடே இப்படிக் கெடக்கு. யார நிறுத்தறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். ஐயா புண்ணியத்துல ஒரு பேரு கெடச்சிருச்சு."

என் புண்ணியத்தில்.

25.11.1997, செவ்வாய்

உண்ணவில்லை. திங்கள் முடிய ஐந்து நாள்.

சொன்னால் என்ன ஆகும்? அம்புரோசு அறிவார். கழகம் அறியும். செம்பியன் பொய்யன் என்பது அடுத்த கூட்டத்துக்கு முன்பே மேடையேறிவிடும். முப்பதாண்டாக நான் ஒரு சொல்லையும் திரும்பப் பெற்றதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவன்.

சொல்லாவிட்டால்? ரெஜினால்ட் எழிலியிடமும் சொல்லவில்லை போலும். சொல்லியிருந்தால் அவள் என்னைக் கேட்டிருக்க மாட்டாள். ஏன் சொல்லவில்லை? எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறானா?

27.11.1997, வியாழன்

உரை எழுதிப் பார்த்தேன். மூன்று முறை. முதலாவதில் பூரான் வந்தது, லயம் வந்தது, தங்கையின் கால் வந்தது. கேட்போர் கண்ணீர் விடுவர். கிழித்தேன். இரண்டாவது அதைவிட நன்றாக வந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் ஒரு வரிதான்.

29.11.1997, சனி

எட்டு மணிக்குப் பேருந்தேறி மலாக்கா சென்றேன். கடை வாசலில் லோரி நின்றது. அம்புரோசு தேநீர்க் குவளையோடு எழுந்தார். அன்று வந்த அந்த இருவரும் இருந்தனர், சிரித்தவனும் இருந்தான். ரெஜினால்ட் தோளில் பெட்டியோடு லோரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான்.

தொண்டையைச் செருமினேன். கூடிவிட்டார்கள், ஐயா ஏதோ பேசப்போகிறார் என்று. எழுதிய ஒரு வரியும் வரவில்லை.

"நான்தான் அடைச்சேன். சிமெண்டு போட்டு. அவன் அடைக்கக் கூடாதுன்னு சொல்லியும் அடைச்சேன். அவன் வேலையில ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கி நான் சொன்னது பொய்."

முப்பதாண்டில் மிகச் சிறிய உரை. கைதட்டல் இல்லை. அம்புரோசு குவளையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"ஐயா... இதுக்காகவா இவ்ளோ தூரம்? போன்ல சொல்லிருக்கலாமே."

"போன்ல சொன்னா இவங்க ரெண்டு பேருக்கும் கேக்காது."

ரெஜினால்ட் பெட்டியை இறக்கி வைத்தான். அடுத்த பெட்டிக்குக் குனிந்தான். பிறகு அதையும் தூக்கினான். என்னைப் பார்க்கவில்லை.

பேருந்தேறித் திரும்பினேன்.

30.11.1997, ஞாயிறு

காலையில் வாசலில் செருப்பு. இணையாக.

இரண்டு உளி கொண்டுவந்திருந்தான். ஒன்றை என்னிடம் நீட்டினான். "அடைச்சது நீங்கதான? நீங்களும் செதுக்குங்க."

பட்டையைக் கழற்றினோம். என் கைவேலை நாற்புறமும் இழைத்து, ஒழுங்காக. ஒருகணம் பார்த்துவிட்டு, "சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பூசிருக்கீங்க," என்றான். கேலிதான். ஆயினும் அவன் என்னிடம் சொன்ன முதற்கேலி.

நண்பகல்வரை செதுக்கினோம். என் விரல்முட்டி இரண்டில் தோலில்லை. ஏன் அடைத்தேன் என்று அவன் கேட்கவில்லை. பூரானைப் பற்றி நானும் சொல்லவில்லை. வாசற்பக்கத்துச் சுவரில் இருந்தபோது, தலை நிமிராமல் பேசினான்.

"அலோர் காஜால எங்க கல்யாண கார்டக் காட்டிப் பேசுனீங்கள்ல. நான் கடைசி வரிசைல இருந்தேன். எழிலிதான் கூட்டிட்டு வந்தா. அப்பா பேசி நீங்க கேட்டதில்லையே, வாங்கன்னு."

உளி என் கையில் நின்றது. அவள் அந்த அவையில் இருந்தாள். அவை சிரித்தபோது இருந்தாள்.

"கார்டு அடிச்சவன் தமிழ் எழுத்து இல்லன்னுட்டான். வேற எடம் தேட எனக்கு லீவு கெடைக்கல. அவ்ளோதான் நடந்துச்சு."

"தப்புதான்" என்றேன். "அதுவும் தப்புதான்."

"செதுக்குங்க. வெயிலாவுது."

முகட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பலகையின் நாக்கு முறிந்திருந்தது. அதை மட்டும் அறுத்தெடுத்துப் புதிதைப் பொருத்தினான். முகட்டைத் தொடவேயில்லை. "அதத் தொட வேணாம். எடம் கெடச்சிருச்சுல்ல, தானா படுத்துரும்." போகும்போது இடைவெளிக்கு அளவாய் வைக்கும் மரச்சில்லுகளில் ஒன்றை என் மேசைமேல் வைத்தான்.

"பட்டைய நான் லூசாத்தான் வச்சிருக்கேன். ஈரமான நாள்ல தூக்கிட்டு இத ஓரத்துல விட்டுப் பாருங்க. உள்ள போனா சரி. போகலன்னா போன் பண்ணுங்க."

அவனை நிறுத்தவில்லையாம். அம்புரோசு நேற்று மாலையே சொல்லிவிட்டாராம். அதை வாசற்படியில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

3.12.1997, புதன்

தளம் படுத்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை. முன்னறையில் அமர்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

4.12.1997, வியாழன்

இருசம்மா பேசினாள். எழிலி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"கடையில எல்லாரும் இருக்கறப்பவா சொன்னீங்க?"

"ஆம்."

"அம்புரோசு இருந்தாரா?"

"இருந்தார்."

"என்னைய விழ வைக்கப் பாத்தீங்க. அத நான் மறக்க மாட்டேன். செத்தாலும் மறக்க மாட்டேன்." பிறகு, "ஞாயித்துக்கெழம வர்றேன். சோறாக்கி வைங்க. குழைய விட்றாதீங்க."

7.12.1997, ஞாயிறு

வந்தாள். சோறு குழைந்துவிட்டது.

வாசலிலிருந்து சாளரம்வரை, சாளரத்திலிருந்து நூலடுக்குவரை, சட்டத்தோடு இருமுறை நடந்தாள். முகடு இருந்த இடத்தில் நின்று, கால் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். தளம் இம்மி அமிழ்ந்து மீண்டது. மறுபடி நடந்தாள். எழிலி அவள் பின்னால். என்னைக் கடக்கும்போது, "கைக்கு மருந்து போட்டீங்களா?" என்றாள். தாயின் உடல்நிலை அல்லாத ஒன்றை ஈராண்டுக்குப் பின் கேட்டாள்.

ரெஜினால்ட் உள்ளே வந்து, ஓர் ஓரமாய் அமர்ந்து, குழைந்த சோற்றை உண்டான்.

13.12.1997, சனி

விடியலிலிருந்து அடைமழை. இருசம்மா முன்னறையில் உறங்குகிறாள். பட்டையைத் தூக்கி, நாற்புறமும் மரச்சில்லை விட்டுப் பார்த்தேன். வாசற்பக்கம், சாளரத்தடி, நூலடுக்கின் ஓரம், அவள் தலைமாடு. எங்கும் தடையின்றி உள்ளே போயிற்று.

போகாவிட்டால்தான் அழைக்கச் சொன்னான்.

அழைத்தேன்.